ஆணி அடித்த விளிம்பு

ஜானகிராமன் காது குடைவதற்குப் பஞ்ச் கார்டைத்தான் பயன்படுத்துவார். புதுக் கார்டு ஒன்றை எடுத்து, மூலையைக் கூராக மடித்து, காதுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். முடிந்ததும் நுனியில் ஒட்டியிருப்பதை நிதானமாகப் பார்ப்பார். பிறகு மடிப்பை நகத்தால் நீவிவிட்டு அதே கார்டை அடுக்கில் திருப்பி வைத்துவிடுவார். அந்த அடுக்கைத்தான் நாகவல்லி தினமும் கையில் எடுக்க வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். எழுபத்து நான்காம் வருடம். ஜானகிராமன் வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பாலம், அஸ்திவாரம், எந்திர அதிர்வு என்று கம்பெனிகளுக்குக் கணக்குப் போட்டுத் தருவது தொழில். அவருக்காகக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பவள் நாகவல்லி. கணிதத்தில் எம்.எஸ்ஸி. படித்தவள். கணவன் பாஸ்கரனுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. இருவரும் அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் அவர்களிடம் கிடையாது. கிண்டியில் ஒரு கல்வி நிலையத்தில் இருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் தடித்த அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு, பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போவாள். அழுக்கு ஒட்டிய கார்டு ஒன்று உள்ளே போனால் எந்திரம் சிக்கிக்கொண்டு பின்னால் வரும் கார்டுகளையும் கசக்கிவிடும். அங்கிருந்த ஆபரேட்டர் கசங்கிய கார்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இது என்னம்மா பழுப்பாக என்று கேட்பார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனி இருந்தது. லாரி அச்சுகளுக்காகப் பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்து உருவாக்கும் பட்டறை. அந்த வருடம் புதிதாக ஒரு பெரிய சம்மட்டியை நிறுவினார்கள். மாடி உயரத்திலிருந்து டன் கணக்கில் இரும்பு கீழே விழும். விழும்போது தரை ஒருமுறை எழும்பி அடங்கும். கம்பெனி மதிலுக்கு அப்பால், மதிலோடு போட்டி போடுவதுபோல் நேராக ஒரே வரிசையில் மண் வீடுகள். சம்மட்டி ஓட ஆரம்பித்த சில நாட்களிலேயே அந்த வீடுகளில் வெடிப்பு கண்டது. குடியிருந்தவர்கள் மனு கொடுத்தார்கள். விசாரணைக்கு அதிகாரி வரப்போவதாகத் தெரிந்ததும் கம்பெனியின் ஒர்க்ஸ் மேனேஜர் ஜேம்ஸ் நேராக ஜானகிராமனைத் தேடி வந்தார்.

ஜேம்ஸ் எதையும் மறைத்துப் பேசவில்லை. அதிர்வு வீடுகளுக்குப் போகவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும் என்றார். பக்கத்து மேஜையில் இருந்த நாகவல்லி, பெரிய மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது, கணக்கு எதைச் சொல்கிறதோ அதை இவர் ஏற்றுக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

தூரத்தையும் மண்ணின் தன்மையையும் குறித்துக்கொண்டு வருவதற்காக அவளை அந்த வரிசைக்கு அனுப்பினார் ஜானகிராமன். கடைசி வீடு வேம்புலியுடையது. கம்பெனி நிற்கும் இடத்தில் வயலாக இருந்தபோது அங்கே கூலிக்கு நாற்று நட்டவன், இப்போது செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறான். அவன் மனைவி முனியம்மா நாகவல்லியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்ச் சுவரைக் காட்டினாள்.

"பாத்தியா எம்மா, செவுரு பல்லு காட்டிகினு கீது. மொத நாளு ஆத்தா வந்து எறங்கிட்டான்னு நென்ச்சு கற்பூரம் ஏத்துனேன். அப்பறந்தான் ஆம்மருன்னு தெரிஞ்சிது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் சம்மட்டி விழுந்தது. காதில் கேட்பதற்கு முன்னால் பாதத்தில் தெரிந்தது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. மூலையில் தூங்கிக்கொண்டிருந்த சின்ன மகள் பேபி கையைக் காலை உதறி விழித்து, அழாமல், மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு அது பழகிவிட்டதைப் பார்க்க நாகவல்லிக்கு என்னவோ போல் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் கம்பெனியின் கழிவு எண்ணெய் கறுப்பாக ஓடியது. அதில் பன்றிகள் புரண்டன. அந்த நாற்றம் வீட்டுக்குள்ளேயும் இருந்தது. முனியம்மா அலுமினியச் சட்டியில் கூழ் கரைத்துக் கொண்டுவந்தாள். கொடுப்பதற்குள் இன்னொரு அடி விழுந்து, சுவரிலிருந்து ஒரு பொருக்கு கூழில் விழுந்தது. முனியம்மா அதை விரலால் வழித்துத் தரையில் சுண்டிவிட்டுச் சட்டியை நீட்டினாள். நாகவல்லி வேண்டாம் என்று சொல்ல முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். வீடு போய்ச் சேரும்வரை பல்லில் மண் நெறுநெறுத்தது.

மறுநாள் கணக்கைத் தொடங்கினாள். தரையைப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு ஸ்பிரிங்கால் கட்டப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். கோலப் புள்ளி போல வரிசை வரிசையாக. நடுவில் ஒரு புள்ளியில் சம்மட்டியின் அதிர்வைக் கொடுத்தால், அது பக்கத்துப் புள்ளியை அசைக்கும், அது அடுத்ததை அசைக்கும். அப்படியே அலை நகர்ந்து போகும். வீடு இருக்கும் புள்ளி எவ்வளவு அசைகிறது என்று பார்த்தால் விடை.

சிக்கல் ஒன்றுதான். நிஜமான தரை முடிவில்லாமல் போகிறது. அலையும் தேய்ந்துகொண்டே போய்விடும், திரும்பி வராது. கம்ப்யூட்டரின் நினைவோ சின்னது. புள்ளிகளை எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்திய இடத்தில் கடைசி வரிசைப் புள்ளிகளை அசையாமல் ஆணி அடித்துவிடுவது ஜானகிராமனின் வழக்கம். அலை அந்த விளிம்பில் மோதித் திரும்பி வரும். போகிற அலையும் திரும்புகிற அலையும் சேரும் இடங்களில் சில இரண்டு மடங்கு ஆடும், சில துளியும் ஆடாது.

முதல் தடவை வீட்டு வரிசை நன்றாகவே ஆடியது. ஜானகிராமன் தாளைப் பார்த்துவிட்டு, விளிம்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடு என்றார். போட்டாள். ஆட்டம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் என்றார். கூடிவிட்டது. அப்படியானால் வெளியே தள்ளு என்றார். கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் பஸ்ஸில் அலைந்து அலைந்து, ஒருநாள் வீட்டு வரிசை முழுவதும் அசைவே இல்லாத கோட்டில் வந்து உட்கார்ந்தது. மதிலுக்கு இணையாக நேர் வரிசையில் வீடு கட்டியிருந்ததால் எல்லா வீடும் ஒன்றாக அடங்கிவிட்டது. ஜானகிராமன் மேஜையைத் தட்டினார். இதுதான் விடை, இதை வரைந்துவிடு என்றார்.

நாகவல்லி வரையவில்லை. அவள் தாளில் புள்ளி எங்கே முடிகிறது என்பது பருத்திப்பட்டு மண்ணுக்குத் தெரியாது. இவள் கோட்டை நகர்த்தினால் முனியம்மா வீட்டுச் சுவர் எப்படி ஆட்டத்தை நிறுத்தும்? விளிம்பை நகர்த்தினால் மாறுகிற விடை விடையே அல்ல. அவர் இத்தனை நாளும் தேடியது என்ன என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவளும் அதற்காகத்தான் பஸ் ஏறி இறங்கியிருக்கிறாள்.

கிண்டியில் தன் முறை வருவதற்காகக் காத்திருக்கும் நேரங்களில் அங்குள்ள நூலகத்தில் உட்காருவாள். சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் இதே சிக்கலைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது. விளிம்புப் புள்ளிகளை ஆணி அடிக்காதே, ஒவ்வொன்றிலும் லாரியில் இருக்கிற ஷாக் அப்சார்பர் மாதிரி ஒன்றைப் பூட்டு என்றது அது. மண்ணின் அடர்த்தியையும் அதில் அலை ஓடும் வேகத்தையும் பெருக்கி, அந்த அளவுக்கு அப்சார்பரை வைத்தால், வந்த அலையை அது வாங்கிக்கொண்டுவிடும். பெரும்பகுதி திரும்பி வராது. தரை அதற்கு அப்பாலும் இருப்பதாகவே அலை ஏமாந்துவிடும்.

நாகவல்லி அதைத் தன் கணக்கில் சேர்த்துப் போட்டாள். விளிம்பைக் கிட்டத்தில் வைத்தும் தூரத்தில் வைத்தும் பார்த்தாள். எப்படி வைத்தாலும் ஏறத்தாழ ஒரே விடை வந்தது. ஆடாத கோடு என்று எங்கேயும் இல்லை. சம்மட்டியிலிருந்து தள்ளத் தள்ள அதிர்வு ஒழுங்காகத் தேய்ந்தது. வீட்டு வரிசைக்கு வரும்போது மண் சுவரைப் பிளக்கிற அளவுக்கு அது மிச்சம் இருந்தது.

அந்தத் தாள்களோடு ஜானகிராமன் முன்னால் போய் நின்றாள். தப்பான விடையைத் திருத்திவிட்டோம், அவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரியப்படுத்துகிறோம் என்று உள்ளூர ஒரு பெருமை கூட அவளுக்கு இருந்தது. அவர் கார்டைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தாள்களைப் புரட்டினார்.

"நல்லா பண்ணியிருக்கே. இந்தக் கட்டுரை வந்த வருஷமே நான் படிச்சுட்டேன்."



"தெரிஞ்சுமா சார் ஆணி அடிக்கச் சொன்னீங்க?" என்றாள்.

"எல்லாக் கணக்கும் ஒரு பொய்தாம்மா. தரை ஸ்பிரிங்கா? புள்ளியா? எந்தப் பொய் நம்மளை வேலைக்குக் கூப்பிட்டவனுக்கு உதவும்னு பாக்கணும், அவ்வளவுதான்."

அவர் சிரித்த சிரிப்பில் கோபமோ குற்ற உணர்வோ இல்லை. சாப்பிட்டு முடித்தவர் பல் குத்திக்கொண்டே பேசுவதுபோல் பேசினார். தெரியாமல் செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். இது, தெரிந்து, ரசித்து, தேடித் தேடிச் செய்தது. அந்த அறையில் பெயிண்ட் வாடையோடு வேறு ஏதோ அழுகிய வாடையும் வருவதுபோல் இருந்தது அவளுக்கு.

வீட்டில் பாஸ்கரனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்து இருக்கிறதா என்று விசாரித்தான். இல்லை என்றதும், அப்படியானால் உனக்கென்ன என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டான். நல்லவன்தான். அவன் மேல் அவளுக்கு அதுவரை வராத ஓர் அருவருப்பு அன்றைக்கு வந்தது.

விசாரணை கம்பெனி கேன்டீனில் நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் வடையும் காபியும் கொடுத்தார்கள். வீட்டு வரிசைக்காரர்கள் சுவரோரம் நின்றபடி வடையைத் தின்றார்கள். ஜானகிராமன் கலர் பென்சிலால் வரைந்த படத்தை விரித்து, நீலமாக இருக்கும் கோடு அதிர்வே இல்லாத இடம் என்றும், வீடுகள் அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன என்றும், வெடிப்புக்கு ஏரியின் ஈரமும் மண் சுவரும்தான் காரணம் என்றும் விளக்கினார். சம்மட்டி அன்றைக்கு ஓடவில்லை. பழுது பார்ப்பதற்காக நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்கள். அதிர்வை அளக்கும் கருவி ஒன்று கிண்டியில் இருந்தது, அதுவும் வெளிநாட்டு உதிரிப் பாகத்துக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. ஆக, அங்கே இருந்தது அந்தப் படம் மட்டும்தான்.

நாகவல்லி எழுந்து நின்றாள். கணக்குப் போட்டவள் நான்தான் என்றாள். விளிம்பை நகர்த்தினால் அந்த நீலக் கோடும் நகரும், அது தரையில் இல்லை, தாளில்தான் இருக்கிறது என்று முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். தன்னுடைய தாள்களையும் அதிகாரியின் முன்னால் வைத்தாள். அவர் இரண்டையும் திருப்பிப் பார்த்தார். எதில் டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று கேட்டார். ஜானகிராமன் வாத்சல்யத்தோடு, நல்ல பெண், புதிதாக ஏதோ முயற்சி செய்து பார்க்கிறாள், நான்தான் ஊக்கம் கொடுத்தேன் என்றார்.

அதிகாரி குடியிருப்பவர்களைப் பார்த்துத் திரும்பினார். எல்லோரும் வேம்புலியைப் பார்த்தார்கள். மனுவில் முதல் பெயர் அவனுடையது.

வேம்புலி வடை எண்ணெயை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "அப்பிடி ஒண்ணும் பெர்சா தொந்தரவு இல்லீங்க. செவுரு பழ்சு. ஏரித் தண்ணி ஊறிகினு கீது, அதான்."

அதற்கு முன் வாரமே ஜேம்ஸ் அவனைக் கூப்பிட்டுச் சம்மட்டிப் பட்டறையில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். நாகவல்லிக்கு அது பிறகுதான் தெரிந்தது. அப்போது அவள் பார்த்ததெல்லாம் முனியம்மாவைத்தான். முனியம்மா கையிலிருந்த வடையைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனாள். போகும்போது புருஷனின் காலடியில் காறித் துப்பினாள். வேம்புலி நகராமல் நின்றான். காபித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த கேன்டீன்காரர் அந்த இடத்தில் ஒரு சாக்கை இழுத்துப் போட்டார்.

மனு அன்றோடு முடிந்தது. நாகவல்லி அதன் பிறகு அலுவலகம் போகவில்லை. ஜானகிராமன் ஆள் அனுப்பினார். கோபம் ஒன்றும் இல்லை, வந்துவிடு, உன்னைப் போல் கார்டு போட ஆள் இல்லை என்றார். அந்த அழைப்பில் இருந்த நல்ல மனதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடச் சகிக்கவில்லை. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள்.

அடுத்த வருடம் கோடை விடுமுறையில் ஒருநாள் ஜேம்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். ஆள் இளைத்திருந்தார். கம்பெனி இரும்பை இழைக்க ஒரு புது எந்திரம் வாங்கியிருந்தது. வெளிநாட்டு எந்திரம், மயிரிழை தப்பினாலும் வேலை வீணாகும். அதற்குக் கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பக்கத்தில் ஒரு அறை கட்டியிருந்தார்கள். எங்கே கட்டுவது என்ற கேள்வி வந்தபோது யாரோ ஜானகிராமனின் படத்தை எடுத்துப் பார்த்து, நீலக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே தூரத்தில் கட்டிவிட்டார்கள். சம்மட்டி விழும்போதெல்லாம் எந்திரம் உதறுகிறது. இழைத்த பாகமெல்லாம் கழிவுக்குப் போகிறது.

தாங்கள் சொல்லி எழுத வைத்த பொய்யையே தாங்கள் நம்பி அதன் மேல் கட்டடமும் கட்டிவிட்டார்கள். நாகவல்லிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாயில் புளிப்புத்தான் ஊறியது.

"உங்க கணக்குதான்மா சரி. எனக்கு அப்பவே தெரியும்," என்றார் ஜேம்ஸ்.

அப்போதே தெரியும் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இல்லை. வேண்டியது இதுதான். எந்திரத்தின் அடியில் ரப்பர் வைத்துத் தனியாக நிறுத்தினால் போதுமா, இல்லை சம்மட்டியையே தூக்கி, அடியில் தேக்குக் கட்டையும் ரப்பரும் வைத்து மறுபடி இறக்க வேண்டுமா? முதலாவது சுலபம். இரண்டாவதற்குப் பட்டறையை நிறுத்தி, அஸ்திவாரத்தைத் தோண்ட வேண்டும், பெரிய செலவும் ஆகும். அவள் சொல்வதை முதலாளி கேட்பார். கிண்டிக் கம்ப்யூட்டருக்கு ஏற்பாடு செய்து தருகிறேன் என்றார்.

போ என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். சம்மட்டியைத் தூக்கி வைத்தால் வீட்டு வரிசையும் ஆடாது என்பது அந்த நேரத்தில்தான் மனதில் பட்டது. சரி என்றாள்.

கார்டுகளைப் புதிதாக ஓட்டை போட்டாள். விளிம்பில் அப்சார்பர் பூட்டி, எந்திரத்தின் அடியில் ரப்பர் வைத்துக் கணக்கை ஓட்டினாள். விடை தெளிவாக இருந்தது. ரப்பர் மட்டும் போதும். எந்திரம் அமைதியாக நிற்கும். சம்மட்டியைத் தொட வேண்டியதே இல்லை. வீட்டு வரிசை எப்போதும் போல் ஆடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நூலக வாசலில் வெகுநேரம் நின்றாள். பேபி கையைக் காலை உதறி விழித்தது நினைவுக்கு வந்தது. வேம்புலியின் எண்ணெய்க் கையும் நினைவுக்கு வந்தது. அந்த ஆளுக்காகவா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு உள்ளே போய், அப்சார்பருக்கான கார்டுகளை அடுக்கிலிருந்து உருவினாள். கடைசி வரிசைப் புள்ளிகளுக்கு ஆணி அடித்தாள். விளிம்பை உள்ளே தள்ளிப் பார்த்தாள், வெளியே தள்ளிப் பார்த்தாள். வருகிற அலையும் திரும்புகிற அலையும் சரியாக எந்திரத்தின் மேல் வந்து சேரும்வரை தேடினாள். சில நாள் ஆயிற்று. கடைசியில், ரப்பர் வைத்தாலும் எந்திரம் உதறும் என்று கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்தது.

தேடும்போது கை நன்றாகப் பழகியிருந்தது. எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளினால் எங்கே கூடும் என்று காகிதம் இல்லாமலே தெரிந்தது. சரியான இடம் கிடைத்தபோது உடம்பில் ஒரு சந்தோஷம் ஓடியது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அச்சடித்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தாள்.

ஜேம்ஸ் அதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார். எடுத்த வேலையை முழுதாகச் செய்துவிடலாம், எந்திரத்துக்கும் ரப்பர் போட்டுவிடுங்கள், சம்மட்டிக்கும் போட்டுவிடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். மழைக்கு முன்னால் சம்மட்டியைத் தூக்கினார்கள். தேக்குக் கட்டைகளை அடுக்கி, ரப்பர் விரித்து, மறுபடி இறக்கினார்கள். இழைக்கும் எந்திரம் ஒழுங்காக ஓடியது. மதிலுக்கு அப்பால் சட்டியில் தண்ணீர் அலையாமல் நின்றது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு கரையான்சாவடிக் கடைத்தெருவில் துணி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவளை ஜானகிராமன் பார்த்துவிட்டார். காரை நிறுத்தி இறங்கி வந்தார். ஜேம்ஸ் அவளுடைய தாளை அவரிடம் காட்டியிருக்கிறார். உடல்நலம் விசாரித்தார். பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல நானும் நம்பிட்டேன். அப்புறம் விளிம்பு எங்கே இருக்குன்னு பாத்தேன். அபாரம். நானே அவ்வளவு சுத்தமா பண்ணியிருக்க மாட்டேன்."

நாகவல்லி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவங்க வீடு விழாம இருக்கறதுக்காகப் பண்ணினேன் சார்."

"நானும் யாருக்காவோதானே பண்றேன்," என்றார் அவர். எப்போது வேண்டுமானாலும் வரலாம், அவளுடைய மேஜை அப்படியே இருக்கிறது என்றும் சொன்னார். கூடப் பிறந்தவளிடம் பேசுவதுபோல் அன்பாக இருந்தது. தோளைத் தட்ட வந்த கையிலிருந்து அவள் ஒதுங்கிக்கொண்டாள். கார் போன பிறகும் அந்த இடத்தில் நிற்கப் பிடிக்காமல் அடுத்த நிறுத்தம்வரை நடந்தாள்.

அந்த வாரமே பருத்திப்பட்டுக்குப் போனாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. முனியம்மா சுவருக்குப் புது மண் பூசி வெள்ளை அடித்திருந்தாள். வேம்புலி பட்டறைக்குப் போயிருந்தான். பின்னால் எண்ணெய்ச் சாக்கடை அப்படியேதான் ஓடியது. பன்றிகளும் இருந்தன. முனியம்மா பாயைத் தட்டிப் போட்டாள். நாகவல்லி உட்காராமல் நின்றுகொண்டே, கணக்கை மாற்றி எழுதி கம்பெனிக்காரர்களை ஏமாற்றித்தான் சம்மட்டியைத் தூக்க வைத்தேன், நான் செய்தது பொய் என்று சொன்னாள்.

முனியம்மா இடுப்பில் இருந்த பேபியை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "அவனுங்க சொன்னது பொய்யின்னு நீதான சொன்னே. இப்ப நீ சொன்னதும் பொய்யின்றே. எங்களுக்கு இன்னா எம்மா தெரியும்? ஊடு நிக்கிது. ஒக்காரு, ஏரி மீனு கொயம்பு வெச்சிருக்கேன்."

மன்னித்தாளா, புரிந்துகொள்ளவில்லையா, அக்கறையில்லையா என்று நாகவல்லியால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றில் எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஆறுதல் இல்லை. சம்மட்டி விழுகிற சத்தம் மதிலுக்கு அப்பால் கேட்டது. தரை அசையவில்லை. பேபி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாயில் உட்கார்ந்தாள். முனியம்மா வட்டிலில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். குழம்பில் மீன் வாசனையோடு ஏரிக்குள் கலந்த எண்ணெயின் வாடையும் லேசாக இருந்தது. முனியம்மா எதிரே குந்தி, அவள் முதல் கவளத்தை எடுப்பதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகவல்லி சாப்பிட்டாள். நன்றாயிருக்கிறதா என்று கேட்டதற்கு நன்றாயிருக்கிறது என்றாள்.